புத்தகசாலையின் வாசலில் ஒரு குழந்தை
(வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புத்தகங்களின் பெருமையைப் பற்றி நமக்கு முன் பேசிய தோழர்கள் வேண்டிய அளவு சொல்லிவிட்டார்கள். நாம் புத்தகசாலையின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியே பேச ஆசைப்படுகிறோம். ஏனெனில், திக்கற்ற குழந்தைக்கு அவ்விடம் புகலிடமாவதும் ஆகாததும் அந்த ஆளின் புத்தியைப் பொறுத்த காரியமேயாகும்.

அமெரிக்காவில் தென் கரோலினா மாகாணத்திலே லேக் சிட்டி என்று ஒரு சிற்றூர். 1959-ம் வருஷம் ரொனால்ட் மெக்நேர் என்னும் ஒன்பது வயதுக் கறுப்பர் வீட்டுப் பையன் அவ்வூர்ப் பொதுப் புத்தகசாலைக்குப் போய்ப் புத்தகம் கேட்டான். பொதுப் புத்தகசாலை என்று பெயர்தான். வெள்ளையருக்கு மாத்திரமே புத்தகம்! வரி வாங்கும்போது மட்டும் தோலின் நிறம் பார்த்தார்களா? புத்தகம் கொடுக்க முடியாது, போ என்றார் அங்கிருந்த அம்மாள். பையன் போகவில்லை, மேஜைமேல் ஏறி உட்கார்ந்து கொண்டான். உடனே போலீசைக் கூப்பிட்டார்கள், தாயாரையும் கூப்பிட்டார்கள். அவன் கையில் கத்தியா இருந்தது, துப்பாக்கியா இருந்தது? முடிவில் புத்தகத்தோடுதான் வீடு திரும்பினான் என்பது அவனுடைய தமையனார் பிற்காலத்தில் சொன்ன விவரம்.

அந்தப் பையனே பௌதிக சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1984-ல் விண்வெளிக்குச் சென்று வந்தவர். 1986 ஜனவரி 28-ந் தேதி சாலஞ்சர் விண்கலம் வெடித்தபோது மாண்ட எழுவரில் ஒருவர். 2011-ல் அதே கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சந்தோஷந்தான். ஆனால், மேஜைமேல் ஏறத் துணியாமல் திரும்பிப் போன பிள்ளைகளின் பெயரில் கட்டடம் ஏது?

நிற்க, அதே தேசத்தில் மற்றோர் ஊரைப் பாருங்கள். மிசௌரி மாகாணத்து ஃபெர்குசனில் 2014 ஆகஸ்டு 9-ந் தேதி மைக்கேல் பிரௌன் என்னும் 18 வயதுக் கறுப்பு வாலிபன், கையில் ஆயுதமில்லாதவன், போலீஸ்காரர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தான். ஊர் கொந்தளித்தது. பள்ளிக்கூடத் திறப்பைத் தள்ளி வைத்தார்கள். தாய் தகப்பன்மார் வேலைக்குப் போனால் பிள்ளை எங்கே போகும்?

அவ்வூர்ப் புத்தகசாலையில் முழுநேர லைப்ரேரியன் ஒரே ஒருவர்தான், ஸ்காட் பானர் என்பவர். வேலைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் கதவைப் பூட்டவில்லை. இங்கே பாடம் நடத்தலாமா என்று ஓர் உபாத்தியாயினி கேட்டார், ஆகட்டும் என்றார். ஆசிரியர்களும் தொண்டர்களும் வந்து சேர, அலமாரிகளின் நடுவிலே பள்ளிக்கூடம் நடந்தது. இடம் போதாமல் பக்கத்துச் சர்ச்சிலும் நடந்தது. இப்படி உபயோகப்படுமானால் சர்ச்சின் மேல் நமக்கு யாதொரு வருத்தமுமில்லை! நவம்பர் 24-ந் தேதி, சுட்டவர் மீது வழக்கில்லை என்று தெரிந்த இரவு கடைகள் எரிந்தன. மறுநாள் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தன, புத்தகசாலையோ திறந்திருந்தது. முகந்தெரியாத ஜனங்கள் அதற்கு 3 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள்.

புத்தகம் கொடுப்பவனுக்குப் பிள்ளை பார்க்கும் வேலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒண்டிக்கொள்ளவாவது உள்ளே வந்த பிள்ளைதானே ஒரு நாளைக்குப் புத்தகத்தையும் தொடும்?

தோழர்களே! நம் வாசகசாலை மாலை ஆறு மணிக்குத் திறக்கிறது. பிள்ளைகள் வந்தால் சத்தம் போடுகிறார்கள் என்று நாமே விரட்டியிருக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டபின் பூட்டிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இத்தெருவில் எத்தனை பேர் என்று நீங்களே அறிவீர்கள். நாலு மணிக்கே திறப்பதானால் சாவியை யார் வாங்கிக் கொள்ளுகிறீர்கள்?