வேலையை விட்டவர், தொழிலை விடாதவர்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு, திருவண்ணாமலை)

   நான் நேரே பொருளுக்கு வருகிறேன்.

பொருள் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். நாற்பதை ஒட்டிய வயதில், பார்த்த வேலையையும் இருந்த வாழ்வையும் மாற்றிக்கொள்கிறவரிடம் நடப்பது என்ன? பழைய ஆள் ஒழிந்து புதிய ஆள் பிறக்கிறாரா? பழைய ஆளே வேறு காரியத்தில் இறங்குகிறாரா? முதல் கட்சியைத் தமிழ்த்துறை நண்பர்கள் நெடுநாளாகப் பேசி வருகிறார்கள். இரண்டாவது என்னுடைய கட்சி. கருத்தரங்குகளில் பாதியில் நின்றுபோன இந்த வழக்கை இன்று முழுதாக எடுத்து வைக்கிறேன்.

இந்த ஊரில் நண்பர்களின் கட்சிக்கே செல்வாக்கு. காரணம் அருணகிரிநாதர் கதை. அவர் வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான், சிற்றின்பத்தில் கிடந்தவர் பாவலர் ஆனார். இவ்வூர்க் கோயிலின் முருகனான கோபுரத்திளையனாரைக் கும்பிடும் எவருக்கும் இது தெரியும். அந்தக் கதையின் அழகை நான் மறுக்கவில்லை. அதை அளவுகோலாக்கி, பின்னால் வந்த அத்தனை பேரையும் கோபுரத்தில் ஏற்றிக் குதிக்கவைப்பதைத்தான் மறுக்கிறேன். சந்தக் கணக்கு கைவராதவர் திருப்புகழ் பாடியிருக்க முடியுமா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. அது வேறொரு நாளைக்கு.

முருகனார்

அப்படிக் குதிக்கவைக்கப்பட்டவர்களில் முதல்வர் முருகனார். 1890-இல் இராமநாதபுரத்தில் பிறந்த சுப்பிரமணியம். சென்னையில் பள்ளித் தமிழாசிரியர். தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதிப் பணியிலும் பங்குகொண்டவர். கதர் உடுத்திய காந்தி அன்பர். மாமனார் தண்டபாணி சுவாமி வழியாக ரமண மகரிஷியின் நூல்களை அறிந்து 1923-இல் இங்கே வந்தார். தாயார் மறைந்தபின், 1926-இல், உத்தியோகத்தை உதறிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். அப்போது வயது 36. அது நடுவயதாகுமா என்று கேட்கிறார்கள். ஐம்பத்தைந்தில் ஓய்வு கொடுத்த காலத்தில், குடும்பமும் உத்தியோகமும் நிலைபெற்றவருக்கு அது நட்டநடு வயதுதான். ரமணாசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்தில் இருந்துகொண்டு பிச்சை ஏற்று உண்டார். 1973-இல் மறைந்தார்.

1926-இல் தமிழாசிரியர் முடிந்துபோனார், பிறகு இருந்தவர் அடியார் மட்டுமே என்பது நண்பர்களின் முடிவு. அவர் விட்டது வேலையை. தொழிலைக் கடைசிவரை விடவில்லை என்பது என் முடிவு.

முதல் வருகையையே பாருங்கள். ரமணரிடம் வெறுங்கையோடு போகலாகாது என்று கோயிலிலேயே பாட்டு எழுதிக்கொண்டு போனார். முன்னால் நின்றதும் கண்ணீர் பெருகிப் படிக்க வாய் எழவில்லை. ரமணரே வாங்கிப் படித்தார். நண்பர்கள் அந்தக் கண்ணீரோடு கதையை முடித்துவிடுகிறார்கள். கையில் இருந்த தாளையும் பார்க்கச் சொல்கிறேன். அதில் இருந்தது தேசிகப் பதிகம், பதினொரு பாட்டு, பதிக மரபு பிசகாதது.

அடுத்து 1927. திருவாசகத்தை முன்மாதிரியாக வைத்து 'ரமண சந்நிதி முறை'யை எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் திருவுந்தியார் என்ற பகுதி. தாருகாவனத்து முனிவர் கதை வருகிறது. சிவபெருமான் அவர்களுக்கு உபதேசிக்க வேண்டிய இடம். அங்கே முருகனார் நிறுத்தினார். உபதேசத்தைத் தாங்களே பாட வேண்டும் என்று ரமணரிடம் கேட்டார். அப்படிப் பிறந்தவைதான் 'உபதேச வுந்தியா'ரின் முப்பது பாடல்கள். ரமணர் பின்பு அவற்றைச் சமஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் தாமே ஆக்கினார். யாப்பையும் கதையின் போக்கையும் அமைத்து, நடுவில் சரியான இடத்தைக் காலியாக விட்டவர் யார்? வகுப்பில் எந்தக் கேள்வியை எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்று அறிந்த ஆசிரியர்.

1928-இல் 'உள்ளது நாற்பது'. ரமணரின் உதிரிப் பாடல்கள் இருபதளவில் கிடந்தன. நாற்பதாக வேண்டும் என்று வற்புறுத்தியவர் முருகனார். இன்னா நாற்பதும் இனியவை நாற்பதும் கார் நாற்பதும் களவழி நாற்பதும் படித்தவர் அல்லவா! நூல் வளர வளர, முன்பிருந்த பாடல்களில் பெரும்பாலானவற்றை விலக்கினார்கள். அவை அனுபந்தத்துக்குப் போயின. குருவின் பாட்டாயிற்றே என்று வெறும் பக்தர் ஒன்றையும் கீழே வைக்கமாட்டார். எது நூலுக்குள் நிற்கும், எது நிற்காது என்று பார்ப்பது பதிப்பாசிரியரின் கண்.

'ஆன்ம வித்தை'யும் அப்படித்தான். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனை ஒன்று வழி கடினம் என்று புலம்பும். அதே மெட்டில், அது எளிது என்று முருகனார் எடுத்துக்கொடுத்தார். சரணங்களை ரமணர் நிறைவுசெய்தார். 1939-இல் வந்த 'குருவாசகக் கோவை'யோ, வாய்மொழியாகக் கேட்டவற்றைப் பாடல்களாகக் கட்டி, ரமணரிடமே காட்டித் திருத்தம் பெற்றது. சொல்லுக்குப் பொருள் வரையறுத்துப் பழகிய கை அதில் பாட்டுக்குப் பாட்டு தெரிகிறது.

எல்லாம் குருவருள் என்று முருகனாரே பாடியிருக்கிறாரே என்பது நண்பர்களின் கடைசி வாதம். பாடியிருக்கிறார்; மெய்யாக உணர்ந்தே பாடினார். அருள் வந்து சேர்ந்த இடத்தில் பல ஆண்டுத் தமிழ்ப் பயிற்சி இருந்தது என்று சொன்னால் அருள் குறைந்துவிடாது. ஆனால் அந்தப் பயிற்சியை மறைத்ததால் ஒரு நட்டம் நேர்ந்தது. பக்தர்கள் புலவரை மறந்தார்கள். இலக்கிய வரலாறு எழுதுவோர், அடியார்தானே என்று அவரைப் பாடத்திட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். இத்தனை வெண்பா எழுதியவருக்கு இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் ஓர் அத்தியாயம் இல்லாதது நம் துறைக்குப் பெருங்குறை.

மற்றவர்கள்

நேரம் ஆகிவிட்டதால், நடுவயதிலும் அதற்குப் பின்னும் மாறிய மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முருகனாரை ஆங்கிலத்தில் பெயர்த்த கே. சுவாமிநாதன், ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, 1960-இல், அறுபதைக் கடந்த வயதில், காந்தி நூல் தொகுப்பின் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் ஆஸ்போர்ன் ஐம்பத்தேழாம் வயதில், 1964-இல், இங்கிருந்து 'மவுண்டன் பாத்' என்னும் ரமணாசிரம இதழைத் தொடங்கினார். ஐராவதம் மகாதேவன் 1980-இல் இந்திய ஆட்சிப் பணியை விட்டுக் கல்வெட்டு ஆய்வுக்கே வந்துவிட்டார். அவர் அதிகாரியாக இருந்தபோதே எழுத்தாய்வில் தேர்ந்தவர். யோகி ராம்சுரத்குமார் பீகாரில் ஆசிரியராக இருந்தவர். 1959-இல் நாற்பதைத் தாண்டி இவ்வூர் வந்து துறவியாக வாழ்ந்தார். என் கட்சிக்கு எளிதில் அடங்காதவர் இவர் ஒருவர்தான். நண்பர்கள் இவரைத் தாராளமாகச் சாட்சிக்கு அழைக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியவை

சூரி நாகம்மா இளம் விதவை. நாற்பது கடந்தபின், 1945 முதல், அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய ரமணாசிரமக் கடிதங்கள் நூலாயின. பெண்களின் நடுவயது மாற்றத்துக்கு அதைவிடச் சிறந்த மூலம் இங்கே இல்லை. ஒரு மாணவி அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் துறந்துவந்தபோது வீட்டைச் சுமந்த மனைவியரைப் பற்றித் தனி ஆய்வு வேண்டும். கிரிவலப் பாதை பெருகியபின் நிலத்தை விட்டுப் பூக்கடைக்கும் ஆட்டோவுக்கும் வந்தவர்கள், ஆரணியில் தறியை நிறுத்தியவர்கள், இவர்களிடம் பழைய தொழிலின் எந்தத் திறமை புதிய தொழிலில் கைகொடுத்தது என்று கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். லெக்சிகன் அலுவலகத் தாள்களில் முருகனாரின் கையெழுத்தைத் தேடும் வேலையை யாரேனும் இந்த ஆண்டே தொடங்கலாம்; துறை இசைந்தால் நானும் உடன் வருகிறேன்.