சீனியைக் குறைப்போம், உபசரிப்பைக் குறைக்க வேண்டாம்





பொன்விழா ஆண்டில் நம் முன்னோரின் உழைப்பைப் பேசுகிறோம். அந்த உழைப்பின் பலனை அனுபவிக்க உடல்நலமும் வேண்டுமல்லவா? ஆகவே நம் அடுப்படியில் இருக்கும் சீனிப் போத்தலைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

கோல சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள் இனிப்பான தேநீரைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். மரம் மரமாக நடந்து பால் வெட்டி, வாளி சுமந்ததில் அந்தச் சீனி வேர்வையாகக் கரைந்தது. இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் அலுவலகத்திலும், கடைக் கல்லாவிலும், வாகனத்திலும் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். வேலை மாறிவிட்டது, தேநீர்க் குவளை மட்டும் மாறவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. அன்றாட உணவின் சக்தியில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சீனி இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் குறைத்தால் இன்னும் நல்லது என்றது. அந்த 5 விழுக்காடு ஏறக்குறைய 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி. தேனும் பழச்சாற்றின் இனிப்பும்கூட இந்தக் கணக்கில்தான் வரும். கூலா மெலாக்காவானாலும் நாட்டுச் சர்க்கரையானாலும் உடலுக்கு அதுவும் சீனியே.

நம் கணக்கைப் பார்ப்போம். ஒரு குவளையில் 3 தேக்கரண்டி என்றால், நாளுக்கு மூன்று குவளையில் 9 தேக்கரண்டி ஆகிவிடுகிறது. தே தாரேக்கில் ஊற்றும் கெட்டிப்பாலின் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான். போத்தல் பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்று அச்சிட்டிருந்தால், 500 மில்லி போத்தலில் 50 கிராம் இருக்கிறது. அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் இத்தகைய பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. வரி போட்டும் பிள்ளைகள் கையில் அந்தப் போத்தல் இருக்கிறது.

இனிப்பு நீர் வலியில்லாமல் வரும். கண்ணையும் கால் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் மெல்ல அரிக்கும். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரிடம் காணப்படும் முதன்மைக் காரணம் இந்த நோய்தான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தோட்டத்து உள்பாதையில் இருக்கும் அத்தாவை யார் ஏற்றிச் செல்வது, யார் வேலையை விட்டுக் காத்திருப்பது? நோய் ஒருவருக்கு வந்தாலும் சுமப்பது முழுக் குடும்பம்.

ஆனால் நமக்குள் ஒரு தயக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவருக்கு இனிப்புக் குறைத்துக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களோ? கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கோ, ருசி குறைந்தால் வாடிக்கை போய்விடுமோ என்ற அச்சம். நியாயமான கவலைதான். இதற்கு வழி, சீனியைத் தனியாக வைப்பது. வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும். கடையில் 'கூராங் மானிஸ்' என்று கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் கலக்கிக் கொடுப்போம். விருந்தாளியின் நலனை எண்ணுவதும் உபசரிப்பே.

ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய குவளையே திகட்டும். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும் என்பது நபிவழி. அதன்பின் கஞ்சி இருக்கிறது. சிராப் தண்ணீர் கட்டாயமில்லை. வட்டலப்பமும் பாயசமும் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் இருக்கட்டும். நாள்தோறும் இனித்தால் பெருநாளுக்கு என்ன தனிச்சுவை?

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். திடீரென நடுக்கமும் வேர்வையும் மயக்கமும் வந்தால் சீனி குறைந்திருக்கலாம். அப்போது இனிப்பே மருந்து. நோன்பிலும் அந்நிலை வந்தால் நோன்பை முறித்துக்கொள்ள மார்க்கம் இடம் தருகிறது.

நம் சங்க நிகழ்ச்சிகளில் இனி சீனியில்லாத தேநீரும், பக்கத்தில் தனியாகச் சீனிக் கிண்ணமும் இருக்கட்டும். செலவில்லாத மாற்றம் இது. அறுபதாம் ஆண்டு விழாவுக்கு நம் பெரியவர்கள் தங்கள் காலால் நடந்து வர, இன்றைய குவளையிலிருந்து தொடங்குவோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.