‘துலுக்கன்’ என்று யார் சொல்லலாம்?

(தஞ்சை மாவட்டத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வாசலில் நான்கைந்து இளைஞர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவரின் தோளில் தட்டி, "வாடா துலுக்கா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் பகையில்லை, கோபமில்லை. ஆனால் இதே சொல்லை ஒரு பேருந்து நடத்துனரோ ஒரு காவலரோ சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கூட்டம் இந்த மண்டபத்தில் நடந்திருக்காது. காவல் நிலைய வாசலில் நடந்திருக்கும்!

சொல் ஒன்றுதான். நாம் சொன்னால் சிரிப்பு, அடுத்தவர் சொன்னால் நெருப்பு. இது நியாயமா என்று மாற்றுமதச் சகோதரர் ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்கிறதா? அந்தப் பதிலைத் தேடுவதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நஞ்சு எழுத்தில் இல்லை

துருக்கியரைக் குறித்த ‘துருஷ்கர்’ என்ற பெயர்தான் தமிழில் ‘துலுக்கர்’ ஆனது. தொடக்கத்தில் அது வசைச்சொல் அல்ல. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ‘துலுக்க நாச்சியார்’ சன்னிதி இருக்கிறது. அந்த நாச்சியாரை முன்னிட்டு அங்கே ரொட்டி படைக்கும் வழக்கமும் இருக்கிறது. பூக்கடையில் ‘துலுக்க சாமந்தி’ என்று கேட்டு வாங்குகிறோம். யாரும் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை.

அப்படியானால் நமக்கு ஏன் வலிக்கிறது? நம் அத்தாவும் பாட்டனும் முப்பாட்டனும் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். துருக்கியைப் படத்தில்கூடப் பார்க்காதவர்கள். அவர்களைப் பார்த்து இந்தச் சொல்லை ஒருவர் வீசும்போது, "நீ இந்த மண்ணைச் சேர்ந்தவன் இல்லை, வெளியிலிருந்து வந்தவன்" என்கிறார். நஞ்சு எழுத்தில் இல்லை சகோதரர்களே, அந்த நினைப்பில் இருக்கிறது!

‘மியா’ சொல்லும் பாடம்

மரியாதைச் சொல்லையே வசையாக்கிவிடலாம் என்பதற்கு ‘மியா’ சாட்சி. உருது பேசும் மக்களிடையே அது ‘ஐயா’ என்பதைப் போன்ற கண்ணியமான விளி. ஆனால் அஸ்ஸாமில், வங்காள வம்சாவளி முஸ்லிம்களை ‘வந்தேறி’ என்று இழிவுபடுத்த அந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள். 2016-ல் ஹாஃபிஸ் அஹ்மது என்ற கவிஞர், தன்னை ‘மியா’ என்றே பதிவு செய்துகொள்ளும்படி ஒரு கவிதை எழுதினார். இளைஞர்கள் பலர் தொடர்ந்து எழுதினார்கள். ‘மியா கவிதை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. எந்தச் சொல்லால் அடித்தார்களோ அந்தச் சொல்லையே அவர்கள் அடையாள அட்டையாக நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். நடந்தது என்ன? 2019 ஜூலையில் பத்துப் பேர் மீது வழக்கு! திட்டியவர்கள் சுதந்திரமாக உலவ, திட்டு வாங்கியவர்கள் அந்தச் சொல்லைக் கையில் எடுத்ததும் குற்றவாளிகள் ஆனார்கள்.

இன்னொரு செய்தி. ஜார்கண்ட் மாநிலத்தில் ஒரு முஸ்லிம் அரசு ஊழியரை, அவர் கடமையைச் செய்யச் சென்ற இடத்தில் ‘மியான் தியான்’, ‘பாகிஸ்தானி’ என்று அழைத்ததாக வழக்கு. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இந்தச் சொற்கள் பண்பற்றவை, ஆனால் மத உணர்வைப் புண்படுத்திய குற்றமாகா என்று சொல்லிவிட்டது. நம் வலிக்கெல்லாம் சட்டப் புத்தகத்தில் மருந்து இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பதை இது காட்டுகிறது.

நபிவழியில் இரண்டு பதில்கள்

அப்படியானால் இழிசொல்லை எப்படி எதிர்கொள்வது? மார்க்கத்தைப் பாருங்கள்.

‘முஹம்மது’ என்றால் புகழப்பட்டவர். மக்கத்துக் குறைஷிகள் அந்தப் பெயரைத் திரித்து ‘முதம்மம்’, அதாவது இகழப்பட்டவர் என்று ஏசினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆத்திரப்படவில்லை. அவர்கள் ஏசுவது யாரோ ஒரு முதம்மமை, நானோ முஹம்மது என்று சொல்லி, அந்த ஏச்சைத் தம்மீது ஒட்டவிடாமலே உதறிவிட்டார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

இரண்டாவது பதில் அலீ (ரலி) அவர்கள் வரலாற்றில் இருக்கிறது. பள்ளிவாசலில் மண் படிந்த முதுகோடு படுத்திருந்த அவர்களை, நபி (ஸல்) அவர்கள் அன்போடு மண்ணைத் தட்டிவிட்டு ‘அபூ துராப்’ என்று அழைத்தார்கள். மண்ணின் தந்தை என்று பொருள். பிற்காலத்தில் அரசியல் எதிரிகள் அதையே ஏளனப் பெயராக்கினார்கள். மதீனாவின் ஆளுநர் ஒருவர், அந்தப் பெயரைச் சொல்லி அலீ (ரலி) அவர்களை ஏசும்படி சஹ்ல் இப்னு சஅத் (ரலி) அவர்களிடம் சொன்னார். அவர்கள் ஏசவில்லை. அலீக்கு அதைவிடப் பிரியமான பெயரே இருந்ததில்லை என்று சொல்லி, பெயர் வந்த வரலாற்றை எடுத்துரைத்தார்கள்.

‘அது என் பெயரே இல்லை’ என்று உதறுவது ஒரு வழி. ‘ஆம், அது என் பெயர்தான், அதன் பெருமை உனக்குத் தெரியாது’ என்று ஏற்பது மற்றொரு வழி. எதை எடுப்பது என்பதை, பெயருக்கு உரியவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒரே குடும்பத்தில் இரண்டு விடைகள்

இதே இரண்டு வழிகளும் நம் தமிழ்நாட்டிலேயே மோதியிருக்கின்றன. 1893-ல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. ஊரே இழிவாகச் சொல்லும் பெயரை ஏன் வைத்தார்? ‘நான் இன்னார்தான்’ என்று தைரியமாக முன்வராதவன் உரிமை கேட்க முடியாது என்பது அவர் எண்ணம்.

அவருடைய சகோதரியை மணந்தவர் அயோத்திதாச பண்டிதர். அவரோ இந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது பகைவர் சுமத்திய இழிவு என்றார். 1907-ல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். பின்னர் எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922-ல் சென்னை அரசு அரசுப் பதிவுகளில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது.

இருவரில் யார் சரி? அதைச் சொல்ல நான் யார்? அந்தச் சுமையைச் சுமந்தவர்கள் அவர்கள், முடிவும் அவர்களுடையது. ஆனால் ஒன்று உறுதி. ‘அவரே பத்திரிகைக்குப் பெயர் வைத்துவிட்டார், இனி நானும் அப்படி அழைப்பேன்’ என்று சொல்ல எந்த மிராசுதாருக்கும் உரிமை பிறக்கவில்லை!

நம் நாவு சுத்தமா?

சகோதரர்களே, இனி சொல்லப்போவது கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தாழ்த்தப்பட்ட ஒருவரைச் சாதிப் பெயரால் ஏசி, மாட்டிறைச்சி தின்பவன் என்றும் பழித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தண்டனை உறுதியானது. சாதியின் பெயராகவே இருந்தாலும் அதை இழிவுபடுத்தும் நோக்கில் சொல்வது குற்றம் என்றது நீதிமன்றம். மாட்டிறைச்சி என்று பழித்தார்களே, அந்த அடி நம் முதுகிலும் விழுகிற அடிதான் இல்லையா?

ஆனால் நம் அரிசி மண்டியில் என்ன நடக்கிறது? மூட்டை இறக்குகிற அறுபது வயதுப் பெரியவரை முதலாளி வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை ‘டேய்’ என்று கூப்பிடவில்லையா? அவர் போன பிறகு கணக்குப்பிள்ளையிடம் அவருடைய சாதிப் பெயரைச் சொல்லி நாம் சிரிக்கவில்லையா? எரிச்சல் வந்தால் பக்கத்துக் கடைக்காரரை ‘காஃபிர்’ என்று முணுமுணுக்கவில்லையா? நம் மஹல்லாவிலேயே ‘ஒஸ்தா வீட்டுப் பிள்ளை’ என்று சொல்லிப் பெண் தர மறுக்கவில்லையா?

என்னையே சொல்கிறேன். எங்கள் களத்துக்கு நெல் தூற்ற வரும் பெரியவர் ஒருவரை, எட்டு வயதில் நான் ‘வாடா, போடா’ என்றுதான் அழைப்பேன். அவர் என்னைச் ‘சின்ன முதலாளி’ என்பார். வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை. புத்தி வந்தபோது அவர் மவுத்தாகி விட்டிருந்தார். மன்னிப்புக் கேட்க ஆளில்லை.

இது வெறும் பேச்சு மரியாதை விவகாரம் அல்ல. நம் டெல்டா மண்ணில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் பகையில் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள்! ஒரு கூட்டத்தாரை ‘டா’ போட்டே பழகிய ஊருக்கு, அவர்களும் மனிதர்கள் என்பது மறந்துவிடுகிறது.

1981-ல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதிர்ந்தது. அவர்கள் தேடி வந்தது மரியாதையை. அப்படி வந்தவர்களைத் தலைமுறை கடந்தும் ‘நவ முஸ்லிம்’ என்று அடையாளம் வைத்துப் பேசினால், பழைய பெயரைப் பறித்துக்கொண்டு புதிய பட்டம் கட்டியதுதானே மிச்சம்?

ஒருவரை ஒருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆவது வசனம் தடுக்கிறது. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லிக் குத்திக்காட்டியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறதே என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அதன் விளைவு என்ன தெரியுமா? பின்னாளில் அபூதர் (ரலி) உடுத்திய அதே வகை ஆடையை அவர்களுடைய பணியாளும் உடுத்தியிருந்ததை மக்கள் பார்த்தார்கள். தவ்பா வாயோடு நிற்கவில்லை, துணி வரைக்கும் வந்தது!

நான்கு வரம்புகள்

ஆகவே நாம் இப்படி வரையறுத்துக்கொள்வோம்.

ஒன்று: காயம் யாருடையதோ, சொல்லும் அவருடையது. அவர் எடுத்து அணியலாம், எறியலாம். அடுத்தவருக்கு அந்த உரிமை இல்லை. நம் பெயர் விஷயத்தில் இதைக் கேட்கிற நாம், பிறர் பெயர் விஷயத்தில் இதைக் கொடுக்க வேண்டும்.

இரண்டு: உரியவரே ஆனாலும் தன் சகோதரன்மீது அதைத் திணிக்கக் கூடாது. 1997, 1998-ல் கோவையில் லத்தி அடியோடு சேர்த்து அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உங்களுக்கு வேடிக்கை, அவருக்குத் தழும்பு.

மூன்று: உரிமைக்காகப் பெயரை ஏந்துவது வேறு, டீக்கடையில் சிரிப்பதற்காகச் சொல்வது வேறு. நீங்கள் சொல்வதைப் பக்கத்தில் நிற்கும் மூன்றாமவர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வார். நாளை உங்கள் தம்பியை அவர் அப்படி அழைத்தால் எந்த முகத்தோடு தடுப்பீர்கள்?

நான்கு: எடுத்துச் சொல்வது குற்றமல்ல. நானும் இந்த மேடையில் சில சொற்களைச் சொல்லவேண்டி வந்தது. ஹதீஸ் அறிவிப்பாளர்களில் ‘அஃரஜ்’, அதாவது கால் ஊனமுற்றவர் என்றே அறியப்பட்டவர் உண்டு. இழிவு நோக்கமின்றி, ஆளை அடையாளம் காட்டுவதற்காக அப்படிக் குறிப்பிடுவதை அறிஞர்கள் அனுமதித்தார்கள். அதுபோல, நீங்கள் புகார் எழுதும்போது ‘தகாத வார்த்தை சொன்னார்’ என்று மழுப்பாதீர்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். இடம், நேரம், கேட்டவர் யார் என்பதையும் எழுதுங்கள்.

வாசலில் சிரித்த தம்பிகளே, உங்கள்மீது எனக்கு வருத்தமில்லை. நாளை காலை கடை திறக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். மூட்டை தூக்க வருகிறவரை ‘அண்ணே’ என்று கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடச் சொல்லுங்கள். அதன் பிறகு, நம்மை ஒருவர் இழிவாக அழைத்தால் எழுந்து நின்று கேட்போம். அப்போது நம் குரலில் தயக்கம் இருக்காது.

அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக! வஸ்ஸலாம்.