அடுப்படிப் புகையும் எங்கள் ஆச்சிமாரும்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் படித்த பழைய மாணவிகள் ஏதாவது பேச வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டபோது நீரிழிவு, மார்பகப் புற்றுநோய் என்றுதான் முதலில் யோசித்தோம். அவற்றைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் கூடிக் கதைத்தபோது வேறொருவர் நினைவுக்கு வந்தார். விடுதிச் சமையலறை ஆச்சி.

தொண்ணூறுகளில் விடுதியில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். விடிய நாலரைக்கு அடுப்பு மூட்டுவார். மூட்டிய கையோடு இருமல் தொடங்கும். ஐந்து மணிக்கு மணி அடிக்கமுதலே ஆச்சியின் இருமலில் நாங்கள் எழும்பிவிடுவோம். அந்த இருமலைப் போலச் செய்து காட்டுவதில் எங்களுக்குள் ஒரு போட்டியே இருந்தது. நன்றாகச் செய்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டோம். ஆச்சி சிரிப்பார். "பனி ஒத்துக்கொள்ளேல்லைப் பிள்ளையள்" என்பார். சித்திரை வெயிலிலும் அதே மறுமொழிதான். நாங்கள் மருத்துவபீடத்தில் சுவாச நோய்களைப் படித்துவிட்டு ஒரு விடுமுறைக்கு வந்தபோது ஆச்சி வேலையை விட்டுப் போயிருந்தார். ஏலாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்கள். எங்கே இருக்கிறார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

விறகு முழுமையாக எரிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் நீராவியும் காபனீரொட்சைட்டும் சாம்பலும்தான். வீட்டு அடுப்பில் எந்த விறகும் அப்படி எரிவதில்லை. மாரியில் நனைந்த மட்டையும் பொச்சும் எப்படி எரியும் என்று உங்களுக்கே தெரியும். எரியாமல் மிஞ்சுவதுதான் புகை. கண்ணுக்குத் தெரியும் கரி பானையிலும் கூரையிலும் படிந்துவிடும். கூடுதலாகக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத துகள்கள். 2.5 மைக்கிரோமீற்றருக்கும் சிறியவை, தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் மறிபடாமல் சுவாசப்பையின் சிற்றறைகள் வரை போகும். அவற்றில் மிகச் சிறியவை குருதிக்குள்ளும் கடக்கும். அதனால்தான் புகை இருமலோடு நிற்காமல் மாரடைப்பு, பாரிசவாதம் வரை கொண்டுபோய் விடுகிறது. கண்ணில் வெண்புரை வருவதற்கும் இதற்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

இந்தத் துகள்கள் ஒரு கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வழிகாட்டியது. புகைக்கூடு இல்லாத குசினிகளில் அடுப்பு எரியும் நேரத்தில் அளந்தவர்கள் நூற்றுக்கணக்கில் கண்டிருக்கிறார்கள், சில வேளைகளில் ஆயிரத்தையும் தாண்டி. இதோடு காபனோரொட்சைட்டு வேறு. அது ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் நிற்பவள் பிள்ளைத்தாய்ச்சி என்றால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசனும் குறையும்.

இதையெல்லாம் படித்துச் சோதனையில் எழுதிச் சித்தியும் அடைந்தோம். ஆனால் ஆளைக் கண்டபோது அடையாளம் காணவில்லை. கிளினிக்குக்கு ஒரு அம்மா வருவார். அறுபது வயதிருக்கும். பல வருடமாகத் தொய்வு என்று குளிசையும் பம்பும். கொப்பியில் "புகைப்பழக்கம் இல்லை" என்று எங்கள் கையெழுத்திலேயே எழுதியிருந்தோம், ஒரு தரமல்ல, வந்த ஒவ்வொரு தரமும். ஒருநாள் அவருடைய கணவரின் சுருட்டைப் பற்றிக் கதை வந்தபோது அவர் சொன்னார்: "சுருட்டுப் பத்தினது அவர், பிள்ளை. நான் அடுப்புத்தான் பத்தினனான், பதின்மூண்டு வயசிலயிருந்து." அன்றைக்குத்தான் ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அவரை அனுப்பினோம். தொய்வு என்றால் பம்ப் அடித்தபின் மூச்சுக்குழாய் பெரும்பாலும் திறந்துவிடும். இவருடையது திறக்கவில்லை. சிஓபிடி என்று நாங்கள் சொல்கிற நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். ஊரில் சுருட்டுக்காரரின் நோய் என்று நினைக்கப்படுவது. இரண்டுக்கும் அடிப்படை மருந்து வேறு. அத்தனை வருடமும் அவர் பாதி மருத்துவம்தான் பெற்றார். அந்தப் பிழை எங்களுடையது.

மருந்தை அன்றே மாற்றினோம். அதே அம்மா அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய் அதே அடுப்பைத்தான் மூட்டினார்.

எங்கள் தலைமுறைக்கு இன்னொரு புகையும் கிடைத்தது. 1990 இலிருந்து வடக்கில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாலு தலைகள் குனிந்துதான் படித்தோம். விடிய மூக்கைச் சீறினால் கறுப்பாக வரும். அதை ஒரு வீரமாகவே இன்றும் சொல்லிக்கொள்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் திரி விளக்கின் கரி, விறகுப் புகைக்குச் சளைத்ததல்ல. வீடுகளில் மண்ணெண்ணெய் பாவிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2014 இல் ஊக்குவிக்க வேண்டாம் என்றது. (போத்தல் விளக்கு சரிந்து எரிகாயம் பட்டவர்களைப் பார்த்துச் சகிக்காமல், மாமைட் போத்தலைப் போலக் கட்டையாக, உருளாத ஒரு விளக்கை உருவாக்கியவர் எங்கள் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இந்தப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர்.)

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் நான்கில் மூன்று வீடுகளுக்கும் மேல் சமையல் விறகில்தான். அதன்பிறகு காஸ் கூடியது. 2021 முடிவில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தன. 2022 இல் காஸ் இல்லாமல் போனது. 1,500 ரூபாய்க்குள் இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 4,800 ஐத் தாண்டியது. விட்டவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். உலகம் முழுவதும் வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020 இல் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

அப்படியென்றால் எல்லோருக்கும் நல்ல அடுப்புக் கொடுத்துவிட்டால் சரிதானே என்று கேட்பீர்கள். இங்கே உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். குவாத்தமாலாவில் கேர்க் ஸ்மித் என்ற பேராசிரியர் வழிநடத்திய ஆய்வில் புகைக்கூடு வைத்த அடுப்புகள் கொடுத்தார்கள். 2011 இல் முடிவு வந்தது. கடும் நியூமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, நியூமோனியா மொத்தமாகக் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாலு இடங்களில் 3,200 கர்ப்பிணிகளோடு ஒரு பெரிய ஆய்வு. பாதிப்பேருக்குக் காஸ் அடுப்பும் 18 மாதத்துக்குக் காஸும் இலவசம். அவர்கள் சுவாசித்த துகள் 70 அளவிலிருந்து 24 அளவுக்கு இறங்கியது. ஆனாலும் பிள்ளைகளின் பிறப்பு நிறையிலோ நியூமோனியாவிலோ தெளிவான வித்தியாசம் வரவில்லை. எங்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. 24 என்பதும் 5 இலிருந்து தூரம்தான், கர்ப்பம் தொடங்கியபின் அடுப்பை மாற்றுவது பிந்திவிட்டதோ என்றும் யோசிக்கிறார்கள். எங்கள் அபிப்பிராயம், நாற்பது வருடப் புகையின் கணக்கைப் பதினெட்டு மாதத்தில் தீர்க்க முடியாது. அந்த அம்மாவின் சுவாசப்பை அதற்குச் சாட்சி.

இனி வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் தோழிகளுக்கு. ரொறன்ரோவிலிருந்து நீங்கள் காசு அனுப்பி வாங்கிய காஸ் குக்கர் அம்மாவின் குசினியில் பத்திரமாக இருக்கிறது. பூப்போட்ட துணி போர்த்தியிருக்கிறது. நீங்கள் விடுமுறைக்கு வந்தால் துணி எடுபடும். மற்ற நாட்களில் அம்மா பின் தாழ்வாரத்தில் மூன்று கல்லில்தான் சமைக்கிறா. கேட்டால், "வளவில விழுற மட்டையை என்ன செய்யிறது? காஸ் முடிஞ்சால் ஆர் பிள்ளை தூக்கிக்கொண்டு வாறது?" என்பா. நியாயமான கேள்வி. நிரம்பிய சிலிண்டர் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. அதனால் அடுத்தமுறை தொலைபேசியில் குக்கர் வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டாம், கடைசியாகச் சிலிண்டர் மாற்றியது எப்போது என்று கேளுங்கள். மாற்றிக் கொடுக்க ஒரு ஓட்டோக்காரத் தம்பியை ஒழுங்கு செய்துவிடுங்கள். விறகடுப்புக் கறியின் ருசியை நாங்களும் மறுக்கவில்லை. ருசியில் பாதி மண்சட்டியிலும் மெல்லிய நெருப்பிலும் இருக்கிறது, சட்டியைக் காஸிலும் வைக்கலாம்.

காஸ் கட்டுப்படியாகாத வீடுகளுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை. அங்கே அவிக்கவும் வேகவும் நேரம் எடுப்பதை முதல்நாளே ஊறவைத்து, சட்டியை மூடிச் சமைக்கலாம். விறகை மாரிக்கு முன்பே பிளந்து கூரைக்குக் கீழே அடுக்கலாம். எண்பதுகளில் இங்கே பரப்பப்பட்ட இரட்டைவாய் 'அனகி' மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், ஆனால் புகையை வெளியே கொண்டுபோகாது. அதற்குப் புகைக்கூடு வேண்டும், அதுவும் கூரைக்கு மேல் போக வேண்டும். வருடத்தில் சில தரம் கரி தட்டவும் வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டாம். குளிக்க வார்த்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் விடுங்கள். பேத்தியாரோடு சண்டை வரும் என்று தெரியும், எங்கள் வீடுகளிலும் வந்தது. பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரியும் வேண்டாம். ஒரு திரி வெளிவிடும் நுண் துகள் 75 முதல் 137 சிகரட்டுகளுக்குச் சமம் என்று 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. வலை கட்டிப் படுக்கலாம்.

முப்பத்தைந்து வயதைத் தாண்டி, இருபது வருடம் விறகில் சமைத்து, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் வைத்தியரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். "புகைப்பீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். என்ன விறகு, எத்தனை வருடம், புகைக்கூடு இருந்ததா என்றும் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டவர்களில் நாங்களும் இருந்தோம்.

ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றை இன்று மனையியல் அறையில் வைத்திருக்கிறோம். பின்னேரம் மூன்று மணிவரை இரண்டு பேர் அங்கே நிற்பார்கள். இன்னொரு விடயம். விடுதிக் குசினியில் இப்போது காஸ்தான். ஆனால் விழாக்களுக்குப் பெரிய கிடாரம் வைப்பது இன்றும் பின்னால் விறகில். எங்கள் மதியச் சோறு அங்கேதான் வேகிறது. விடியமுதல் மூன்று அம்மாமார் நிற்கிறார்கள். ஒருவர் இருமுவது மேடைக்குப் பின்னால் கேட்டது. சோறு வடித்தபின் அவர்கள் மூவரையும் முதலில் அனுப்பி வைக்கும்படி விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறோம். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் வாருங்கள். பரிமாற எங்கள் வகுப்பு நிற்கும்.