சாயத்தில் தெரியும் சப்ரகமுவ

பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் சார்டொனே திராட்சையில் வடித்த வெள்ளை வைனை ஒரு மிடறு பருகியே, எந்த ஊர்ச் சரிவில் விளைந்ததென்று சொல்லிவிடும் கெட்டிக்காரர்கள் உண்டு. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் அத்தகைய நாக்குக்கு வேலை இருக்கிறது. இங்கே கிண்ணத்தில் இருப்பது வெறுந்தேத்தண்ணி.

ருசி பார்ப்பதற்குத் தேநீர் தயாரிக்கும் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச முறைப்படி, 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள். ஊறும் நேரம் 6 நிமிடம். பிறகு மூடியை விரலால் அழுத்திப் பிடித்தபடி, வெள்ளைப் பீங்கான் குவளையைக் கிண்ணத்தின்மேல் சரித்துக் கிடத்துவார்கள். விளிம்பிலுள்ள பல்வெட்டு வழியே சாயம் மட்டும் வடியும். அவிந்த இலையை மூடியில் கொட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். துலக்கிய செம்பு போல் மின்னினால் நொதிப்பு சரி. பச்சை தட்டினால் போதவில்லை. மங்கிக் கறுத்தால் மிஞ்சிவிட்டது.

அடுத்தது கரண்டி. சாயத்தைக் காற்றோடு சேர்த்துச் ‘சர்ர்’ரென்று உறிஞ்சுவார்கள், மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏற வேண்டும். நாக்கில் ஒரு சுற்று உருட்டியதும் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவார்கள். புகை நாற்றம் அடித்தால், உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்பில் எங்கோ கசிவு இருக்கலாம். கருகல் வாடையென்றால் சூடு அதிகம்.

மலைநாட்டு நுவரெலியாத் தேயிலையின் மென்மணத்தை இங்கே தேடுவதே தப்பு. 2000 அடி உயரத்துக்குக் கீழே, வெக்கையும் மழையும் மிகுந்த நிலத்தில் கொழுந்து மளமளவென்று வளர்கிறது. சாயம் கடுஞ்சிவப்பு, வாய் நிறையக் கனம். நீளமாக முறுக்கேறிய கரிய இலை, இடையிடையே பொன்னிற மொட்டு நுனி. வாங்குகிறவர்கள் இந்தத் தோற்றத்துக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்கள். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ஓ.பி.1, பெக்கோ என்று தரவாரியாக விலைபோய், ஈராக், துருக்கி, ரஷ்யா வரை கப்பலேறுகிறது.

இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் தாழ்நிலத்து விளைச்சல். ஆனாலும் மலைத் தேயிலைதான் உசத்தி என்ற பேச்சு ஓயவில்லை. மணத்துக்கு வைத்த அளவுகோலால் கனத்தை அளந்து, இரண்டாந்தரம் என்று தள்ளுவது அநியாயம். இலங்கைத் தேயிலைக்கென வகுத்த ஏழு விளைநிலப் பெயர்களில் சப்ரகமுவவும் ஒன்று. அந்தப் பெயர் பக்கெட்டின் முகப்பில் பெரிதாக நிற்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தைச் சாக்கில் திணித்து அமுக்கினால், பெக்டரிக்குப் போகுமுன்பே சூடேறிச் சிவந்துவிடும். அந்தக் கெடுதலை ருசி மேசையில் மறைக்க முடியாது. ஆகவே, கொழுந்து பறிக்கும் பெண்களையும் அந்த மேசைக்கு அழைத்து, அவர்கள் பறித்தது எப்படிச் சாயம் விட்டிருக்கிறது என்று காட்டி, ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுக்க வேண்டும்.