பன்னிரண்டு ஊரும் வேண்டாம்னுது
(கோட்டைப்பட்டினம் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)

 

ஒடிசாவில் வம்சதாரா ஆற்றுப் பக்கம் லாஞ்சிகர்னு ஒரு சின்ன ஊர். மேலே நியமகிரி. மலை பூரா பாக்சைட். மலையை வெட்ட அனுமதி கிடைக்கும் முன்னாலேயே அடிவாரத்தில் வேதாந்தா ஆலையைக் கட்டிப்புட்டான். பொண்ணு கேட்காமலே பந்தல் போட்ட கதை!

டோங்ரியா கோண்டு மக்களுக்கு அந்த மலைதான் சாமி. 'கிராமசபையைக் கேளுங்கள்' என்றது உச்ச நீதிமன்றம், 2013 ஏப்ரலில். பன்னிரண்டு கிராமசபை கூடிச்சு. நீதிபதி முன்னாலேயே பன்னிரண்டும் வேண்டாம்னுது. 2014 ஜனவரியில் மத்திய அரசும் மறுத்தது.

அவங்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம். நம்ம மணமேல்குடி ஒன்றியத்துக்கு 2020 வேளாண் மண்டலச் சட்டம் இருக்கு. ஆனா கிராமசபையிலே ஆள் எங்கே? வீட்டுக்கு ரெண்டு பேர் வாங்க. தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. வெத்துத் தாளில் கையெழுத்துப் போடாதீங்க.