கத்தரிக்கோலுக்கு ஒரு கடன்

(தசலட்சணப் பெருவிழாவின் எட்டாம் நாளாகிய உத்தம தியாக நன்னாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தியாகத்தைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் முடிதிருத்தும் தொழிலைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். நம் முனிவர்கள் சவரக் கத்தியையும் தொடாமல், தம் கைகளாலேயே கேசலோசம் செய்துகொள்பவர்கள். அத்தகைய சமயத்தின் மேடையில் அழகு நிலையத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். துறவறம் வேறு, இல்லறம் வேறு. இல்லறத்தானுக்குத் தொழில் வேண்டும். மக்களுக்குத் தொழிலைக் கற்பித்தவரே நம் ஆதிநாதர் அல்லவா?

வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை அப்பெருமான் உலகிற்கு அருளினார் என்று ஆதிபுராணம் கூறுவதை நாம் அறிவோம். சுவேதாம்பர மரபினர் போற்றும் ஆவசியக நிர்யுக்தி இன்னும் ஒரு படி சென்று, கைத்தொழில்களின் மூலம் ஐந்து என்கிறது. அவை குயவு, கொல்லு, ஓவியம், நெசவு, முடிதிருத்தல் என்பன. முதல் தீர்த்தங்கரர் கற்பித்த ஐந்தில் ஒன்றாக முடிதிருத்தல் எண்ணப்பட்டிருக்கிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சமூகத்துச் சகோதரி ஒருவர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் அளித்தார். கணவருக்கு மண்டியில் இருந்த வேலை நின்றுவிட்டது. இரண்டு பிள்ளைகள். பெண்களுக்கான அழகுக்கலை பயின்றிருந்தார். வாடகைக்கு ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி என்று தொடங்கிய கடையை விரிவாக்க 25,000 ரூபாய் கேட்டார். அன்றைய கூட்டத்தில், "நம் வீட்டுப் பெண் பிறர் தலைமுடியை வெட்டுவதா?" என்ற கேள்வி எழுந்தது. ஆதிநாதரின் ஐந்து தொழில்களை அன்று எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நெடுநேர வாதத்திற்குப் பின் வட்டியில்லாக் கடன் வழங்கினோம். மாதம் 1,250 வீதம் 20 தவணை. காசோலையைக் கொடுத்தோம், நிழற்படம் எடுத்துக்கொண்டோம், கலைந்தோம்.

இருபது தவணையும் ஒருநாள் தவறாமல் வந்து சேர்ந்தன. கடன் முழுவதும் திரும்பியது என்று ஆண்டறிக்கையில் பெருமையுடன் எழுதினோம். எழுதியவன் நானே.

பிறகுதான் உண்மை தெரிந்தது. அப்பணத்தைக் கண்ணாடிக் கதவுக்கும், அலங்காரக் கூரைக்கும், விளக்குப் பலகைக்கும் அவர் செலவிட்டிருந்தார். கடை அழகாயிற்று, வருமானம் ஒரு ரூபாயும் கூடவில்லை. அறக்கட்டளைக்குத் தவணை தவறினால் ஊரில் தலைநிமிர முடியாது என்றஞ்சித் தண்டல்காரரிடம் கடன் வாங்கி நமக்குக் கட்டியிருக்கிறார். நாம் தந்த வட்டியில்லாக் கடன் அவரைக் கந்துவட்டியின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது.

தண்டல் கணக்கை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாள்தோறும் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். அசலோ நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே அந்த நூறு நாளில் சராசரியாக அவர் கையில் நின்றது 8,500இல் ஏறத்தாழப் பாதி, அதாவது 4,250 மட்டுமே. அதற்கு நூறு நாளில் 1,500 என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 125க்கும் மேலான வட்டி. அளவு மீறிய வட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அச்சத்தோடு கடன் வாங்குபவர் சட்டத்தைத் தேடிச் செல்வதில்லை.

நாங்கள் அவரைச் சென்று கண்டோம். மீதியிருந்த தண்டலை அறக்கட்டளை அடைத்தது. அதைத் திருப்பித் தர விரைய வேண்டியதில்லை என்றும் சொன்னோம். அதன்பின் உடனே புதுக்கடன் தேடாமல், ஒரு குறிப்பேட்டை மட்டும் அவரிடம் கொடுத்தோம். அதில் இரண்டு செய்திகள் எழுத வேண்டும். ஒன்று, அன்று வந்த பணம். மற்றொன்று, இடமில்லாமல் திரும்பிச் சென்றவர்களின் எண்ணிக்கை.

இரண்டு வாரத்தில் 31 பெண்கள் திரும்பிச் சென்றிருந்தனர். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளிலும் முகூர்த்த நாள்களுக்கு முந்திய நாளிலும். காரணம் எளிது. ஒருவர் தலைக்கு மருதாணியோ சாயமோ பூசிவிட்டால் அது பிடிக்க அரைமணிக்கு மேலாகும். அவ்வளவு நேரமும் அவர் அந்த ஒரே நாற்காலியில் அமர்ந்திருப்பார். சகோதரியின் கைகள் வேலையின்றி இருக்கும். வாயிலில் நிற்பவர் போய்விடுவார். கடைக்குத் தேவைப்பட்டவை இரண்டாம் நாற்காலியும் தலை அலசும் தொட்டியுமே. கண்ணாடிக் கதவன்று. கடையில் இருப்பவரைக் கேட்காமல், கடையின் அழகை மட்டும் பார்த்துக் கடன் கொடுத்தால் இது தெரியாது.

கடனின் அளவையும் அந்தக் குறிப்பேடே சொல்லிற்று. திரும்பிச் சென்ற 31 பேரில் 20 பேர் தங்கினால், ஒருவருக்குச் சராசரியாக 120 ரூபாய் எனக் கொண்டாலும், இரண்டு வாரத்தில் 2,400, மாதம் 4,800. பொருள்களுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 3,840 மிஞ்சும். அதில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்று முடிவு செய்தோம். 12 விழுக்காட்டு வட்டியில் 24 மாதத்திற்கு 40,000 ரூபாய் வாங்கினால் மாதத் தவணை 1,883. அவ்வளவே வாங்கினார். நாற்காலிக்கு 12,000, அலசும் தொட்டிக்கு 16,000, குழாய் வேலைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் 5,000, பொருள்களுக்கு 4,000. மீதி 3,000 கையிருப்பு. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. அம்மாதங்களின் தவணைக்கு அந்தக் கையிருப்பே துணை.

கடன் வங்கியிலிருந்து வந்தது. 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு என்னும் பிரிவு 50,000 ரூபாய் வரைக்கும், கிசோர் என்னும் பிரிவு அதற்குமேல் 5 இலட்சம் வரைக்கும் உரியவை. இவற்றுக்குச் சொத்துப் பிணை கேட்பதில்லை. 2014 சனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டமையால், டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடன்களுக்கும் நம்மவர் விண்ணப்பிக்கலாம். 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில், 35 வயது நிறைந்த கைவினைஞர் 3 இலட்சம் வரை கடன் பெறலாம். அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியம். எந்தக் கடனாயினும் கையொப்பமிடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: வட்டி முழு அசலுக்கா, குறைந்துவரும் நிலுவைக்கா? அதே 40,000க்கு அதே 12 விழுக்காட்டை, அசல் குறைவதைக் கணக்கில் கொள்ளாமல் இரண்டாண்டுக்கும் போட்டால் வட்டி 9,600. குறையும் நிலுவைக்குப் போட்டால் சுமார் 5,190. சொல்லும் வட்டி விகிதம் ஒன்று. கொடுக்கும் பணம் வேறு.

மூன்று ஒழுங்குகளை அவர் கடைப்பிடித்தார். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியே வைத்தார். பள்ளிக் கட்டணத்திற்கோ நகை மீட்கவோ கடைக் கடனைத் தொடவில்லை. கியூ.ஆர். அட்டை வைத்து, பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கிலேயே விழச் செய்தார். அடுத்த கடனுக்கு அந்தக் கணக்கே சான்றாயிற்று. மூன்றாவது நம் அணுவிரதத்தோடு இயைந்தது. பன்றிமயிர்த் தூரிகை முதலாக உயிர்களிடமிருந்து எடுத்த எதையும் வாங்குவதில்லை. சீயக்காய், செம்பருத்தி, மருதாணி என்றே பெயர் பெற்றார். அதற்காகவே பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள்.

இருபத்து நான்கு தவணையும் முடிந்துவிட்டன. ஓர் ஆடி மாதத்தில் மட்டும் பத்து நாள் தாமதம். வங்கிக்கும் நமக்கும் முன்னதாகவே சொல்லிவிட்டார். இன்று அவரிடம் ஓர் இளம்பெண் பணிபுரிகிறாள். வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயதொழில் பயிற்சி நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் கட்டணமின்றிப் பயின்று வந்தவள். ஒரு நாற்காலி இரண்டாயிற்று. ஒரு குடும்பத்தின் உணவு இரு குடும்பத்தின் உணவாயிற்று.

பெரியோர்களே! ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்று நால்வகைத் தானம் சொல்கிறோம். கடன் இந்நான்கில் எதுவுமன்று. திரும்பி வருவது தானமாகாது. ஆனால் கடன் வாங்கியவர், "இம்மாதம் என்னால் இயலவில்லை" என்று நம்மிடம் அஞ்சாமல் வந்து சொல்லும்படி நாம் நடந்துகொண்டால், அது அபயதானத்தின் சாயல் பெறும். முதல் கடனில் நாம் பணம் கொடுத்தோம்; அபயம் கொடுக்கவில்லை. தவணை நாளில் வந்த 1,250 ரூபாயைப் பார்த்தோம்; அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை.

ஆகவே கடன் குழுவின் சார்பில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். கடன் கேட்பவர் ஒரு மாதம் குறிப்பேடு எழுதிய பின்னரே தொகையை முடிவு செய்வோம். பணத்தைக் கையில் தராமல், இயன்றவரை கருவி விற்பவருக்கே நேராகச் செலுத்துவோம். கடைசித் தவணை வரை மாதம் ஒருமுறை நம்மில் ஒருவர் அக்கடைக்குச் சென்று வருவோம். வசூலிக்க அன்று, நலம் கேட்க. மூன்றுக்கும் பொருட்செலவு இல்லை, நேரமே செலவு. உத்தம தியாக நாளில் நாம் தியாகம் செய்ய வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

இன்னும் சில நாளில் க்ஷமாவணி வருகிறது. ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். அந்தச் சகோதரி இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் ஒப்புதலோடுதான் இதைச் சொன்னேன். அவரிடம் நான் அந்நாள் வரை காத்திருக்க விரும்பவில்லை. அந்த ஆண்டறிக்கையின் ஒரு வரிக்காக, அம்மா, என்னைப் பொறுத்தருள வேண்டும்.